பின்செட்டர் போர்டில் மீண்டும் மீண்டும் கருகும் ரெசிஸ்டர்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். விருந்தினர்களுக்காக இரண்டு லேன் கொண்ட பௌலிங் கூடம் வைத்திருக்கிறோம். பின்களை அடுக்கும் இயந்திரங்கள் (பின்செட்டர்) அமெரிக்காவில் ஓடியவை. 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாக இரண்டையும் ஓட்டுகிறோம். சென்ற மாதம் இடிமழை பெய்த இரவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடி, மறுபடி லைன் வந்த சற்று நேரத்தில் இரண்டும் நின்றுவிட்டன. முதல் லேனில் பியூஸ் மட்டும் போயிருந்தது; மாற்றியதும் ஓடுகிறது. இரண்டாவது லேனின் கண்ட்ரோல் பெட்டியில் நீல நிற வட்டு ஒன்று வெடித்திருந்தது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டில் பொருத்திய மூன்று கால் பாகத்தின் அருகே ஒரு ரெசிஸ்டர் நிறப்பட்டையே தெரியாத அளவுக்குக் கருகியிருந்தது. போர்டில் மின்சாரம் போகும் செம்புப் பட்டையான டிராக் ஒன்றும் எரிந்திருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முன்பே யாரோ செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். டி.வி. மெக்கானிக் ஒருவர் வட்டை நீக்கி, 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு, டிராக்குக்கு மேல் கம்பி பற்றவைத்துக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அதுவும் புகைந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. சர்க்யூட் வரைபடம் கையில் இல்லை. முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்த ரெசிஸ்டரின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அல்லது நூல் கட்டிய பின்களைக் கொண்ட புதுவகை இயந்திரத்துக்கே மாறிவிடலாமா? போர்டின் படங்களை இணைத்துள்ளேன்.

– வாசகர், ஏற்காடு

பதில்: வணக்கம் ஐயா. நீங்கள் ரெசிஸ்டரின் மதிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் போட்ட 100 ஓம் பெரும்பாலும் சரியான மதிப்பாகவே இருக்கும். மதிப்பு தவறியதால் அது புகையவில்லை. அதே இடத்தில் இன்னொரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் அதுவும் புகையும், ஏனென்றால் அதை எரித்த காரணம் இன்னும் இயந்திரத்திலேயே இருக்கிறது. சேலத்தில் விசைத்தறி, ஜவ்வரிசி ஆலை, மில் இயந்திரங்களின் போர்டுகளைப் பழுது பார்க்கும் எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பது இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற கருகல் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பாகம், பாதித்த பாகம் கருகாமல் பளபளவென்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், அல்லது போர்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி ஒரு காயிலாகவோ (கம்பிச் சுற்று) தளர்ந்த ஒரு திருகாகவோ இருக்கும்.

உங்கள் படத்தில் ஹீட் சிங்க்கில் இருக்கும் மூன்று கால் பாகம் ஒரு டிரையாக். மோட்டாருக்கோ, காந்தத்தால் இரும்புத் தண்டை இழுக்கும் காயிலான சோலனாய்டுக்கோ போகும் ஏ.சி. மின்சாரத்தைத் திறந்து மூடும் வேலை அதனுடையது. கருகிய ரெசிஸ்டரும், அதை ஒட்டி நிற்கும் பழுப்பு நிறக் கெப்பாசிட்டரும் சேர்ந்து டிரையாக்கின் இரு கால்களுக்குக் குறுக்கே அமைந்த ஸ்னப்பர் என்றே படத்தைப் பார்த்தவரை கருதுகிறேன். காயில் விடுபடும் கணத்தில் எழும் வோல்ட்டேஜ் துள்ளலை உள்வாங்கி டிரையாக் தவறாகத் திறந்துவிடாமல் காப்பது இந்த ஜோடியின் பணி. சரியாக இருக்கும் ஸ்னப்பரில் கெப்பாசிட்டர் சில மில்லி ஆம்பியர் கரண்டை மட்டுமே விடும். ரெசிஸ்டர் சூடாவதே தெரியாது. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டால், டிரையாக் மூடியிருக்கும் நேரம் முழுவதும் சோலனாய்டின் கரண்ட் அந்த ரெசிஸ்டர் வழியாக ஓடத் தொடங்கும். அரை ஆம்பியர் ஓடினாலே 100 ஓமில் 25 வாட் சூடு பிறக்கும். அரை வாட் தாங்கும் பாகம் அதை எப்படித் தாங்கும்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தக் கெப்பாசிட்டரின் கீழ் ஓரத்தில், காலுக்கு மேலே, மெல்லிய விரிசல் ஒன்று தெரிகிறது. அதைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். கூடவே இயந்திரத்தை இயக்குபவரிடம் ஒன்று கேளுங்கள்: ரெசிஸ்டர் புகைவதற்கு முன் அந்தச் சோலனாய்டு ஆணை இல்லாத நேரத்திலும் ரீங்காரம் போட்டபடி இருந்ததா? ஆம் என்றால் ஐயம் உறுதியாகிவிடும்.

ஆனால் கெப்பாசிட்டரும் தானாகச் சாகவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, முதல் லேனில் பியூஸ் போனது என்பதுதான். இரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அடிபட்டிருக்கின்றன; ஆகவே அன்று வந்த வினை பொதுவான சப்ளை வழியாக வந்தது. முதல் லேனில் உண்மையான பியூஸ் இருந்ததால் அது போய் போர்டைக் காப்பாற்றியது. இரண்டாவது லேனில் செம்புக் கம்பி இருந்ததால் பியூஸ் செய்ய வேண்டிய வேலையை போர்டின் டிராக் செய்து தானும் எரிந்தது.

வெடித்த நீல வட்டு வேரிஸ்டர். 120 வோல்ட் போர்டுகளில் வழக்கமாக 130 அல்லது 150 வோல்ட் ஏ.சி. தாங்கும் வேரிஸ்டரைப் போடுவார்கள். மின்னல் தருவது போன்ற, நொடியின் மிகச் சிறு பகுதி நேரமே நீடிக்கும் துள்ளலை அது விழுங்கிவிடும். தொடர்ந்து சில நொடிகள் நிற்கும் மிகை வோல்ட்டேஜை அதனால் தாங்க முடியாது, சூடேறி வெடிக்கும். ஆகவே இடி இடித்த இரவு என்பதாலேயே மின்னலின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். 120 வோல்ட் பாகங்களுக்கு நீடித்த மிகை வோல்ட்டேஜ் போவதற்கு உங்கள் அமைப்பில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, மூன்று பேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப் போவது. லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சில் நியூட்ரல் முனை தேய்ந்து சரியாகப் பிடிக்காவிட்டாலும், மலைப்பாதையில் வரும் லைனில் எங்காவது நியூட்ரல் இணைப்பு தளர்ந்தாலும், லோடு குறைவான பேஸில் 230 வோல்ட் எகிறி 300, 350 என்று போகும். அப்படி நடந்திருந்தால் அன்றிரவு விடுதியில் வேறு பொருள்களும் போயிருக்கும், அறைகளில் எல்.இ.டி. பல்புகள், டி.வி., செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எதுவும் அன்று பழுதாயினவா என்று விசாரியுங்கள். வேறு எதுவும் போகவில்லை, பௌலிங் இயந்திரங்களுக்கு மட்டும்தான் அடி என்றால் இரண்டாவது வழியைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வழி உங்கள் 230–120 டிரான்ஸ்பார்மர். விலை குறைவு என்பதால் பலர் ஆட்டோ டிரான்ஸ்பார்மரை வாங்குகிறார்கள். அதில் தனித்தனியாக இரண்டு சுற்றுகள் கிடையாது. ஒரே சுற்றின் நடுவிலிருந்து 120 வோல்ட் எடுக்கப்படுகிறது. உள்ளே வரும் நியூட்ரலுக்கும் வெளியே போகும் நியூட்ரலுக்கும் பொதுவான அந்த அடி முனைக்கும் சுற்றுக்கும் இடையே இணைப்பு விட்டுப் போனால், வெளியே இருப்பது 120 அல்ல. மேல் பாதிச் சுற்றின் வழியாக ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் போர்டுக்குப் போய்ச் சேரும். சப்ளை நின்று மறுபடி வரும்போது, குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து தளர்ந்த திருகு முனையில் இது நிகழ்வது புதிதல்ல. சப்ளையைத் துண்டித்துவிட்டு உள்ளே வரும் முனைகளுக்கும் வெளியே போகும் முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டுக்கும் தொடர்பு காட்டினால் அது ஆட்டோ வகை. உங்கள் இடத்தில் நானாக இருந்தால், போர்டில் கை வைப்பதற்கு முன்பே அதை நீக்கிவிட்டு, தனித்தனிச் சுற்றுகள் கொண்ட டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தரச் சொல்வேன். எத்தனை வோல்ட்டுக்குச் சுற்ற வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கண்டிப்பு. பின்செட்டர் என்பது டி.வி. பெட்டி அல்ல. போர்டைச் சோதிக்கும்போது தவறுதலாக ஒரு டிரையாக் திறந்தால் பின்களை நிறுத்தும் டேபிளும், அவற்றை வாரித் தள்ளும் ஸ்வீப்பும் முழு விசையோடு இறங்கும். வெளிநாட்டுக் கூடங்களில் இப்படி இயந்திரத்துக்குள் சிக்கி மெக்கானிக்குகள் உயிரிழந்திருக்கிறார்கள். முன்பக்கச் சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாமல், இயந்திரத்தின் பிளக்கையே பிடுங்கி உங்கள் கண் முன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லேன்களுக்கும் பொதுவான கண்ட்ரோல் பெட்டி உள்ள மாடல்களும் உண்டு. உங்களுடையது அப்படியானால் அடுத்த லேனில் விளையாட்டு நடக்கக் கூடாது. பெரிய கெப்பாசிட்டர்களை ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வடிய விட்டு, மீட்டரில் பார்த்த பிறகே தொடுங்கள்.

சப்ளையைச் சரிசெய்த பிறகும் நேராக போர்டுக்குப் போக வேண்டாம். போர்டின் இணைப்பிகளை எல்லாம் குறியிட்டுக் கழற்றிவிட்டு, அது இயக்கும் ஒவ்வொரு சோலனாய்டின் காயிலையும், ஒவ்வொரு மோட்டாரின் சுற்றையும் ஓம் பார்த்து எழுதுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாதே என்பீர்கள். உங்களுக்கு வரைபடம் இல்லாவிட்டாலும், அதைவிட நல்லது ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் முதல் லேன் இயந்திரம். அங்கே அதே காயில் 40 ஓம் காட்டி, இங்கே 28 காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று பொருள். அந்தக் காயில் புது டிரையாக்கையும் கொல்லும். பிறகு காப்பை அளக்கும் கருவியான மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து காயிலுக்கும் இயந்திரச் சட்டத்துக்கும் இடையே காப்பைப் பாருங்கள். மெக்கர் வைக்கும்போது போர்டு இணைப்பிலேயே இருக்கக் கூடாது, இருந்தால் பழுதில்லாத பாகங்களும் போய்விடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், உடனே காயில் கட்டக் கொடுக்காமல், அதன் அருகே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஓரிரவு எரியவிட்டு மறுபடி பாருங்கள். ஏற்காட்டு மூடுபனியில் ஈரம் குடித்த காயில்கள் இப்படிக் காய்ந்து தேறிவிடுவதும் உண்டு.

ஏ.சி. சோலனாய்டில் பலரும் கவனிக்காத இயல்பு ஒன்று இருக்கிறது. அதன் இரும்புத் தண்டு முழுவதும் உள்ளே போய் அமரும் வரை காயில் பல மடங்கு கரண்டை இழுக்கும். அமர்ந்த பிறகே கரண்ட் குறையும். பழைய கிரீஸும், பின்களிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் தூளும், லேன் எண்ணெயும் சேர்ந்து பிசின் போல இறுகித் தண்டைப் பாதியில் நிறுத்திவிட்டால், காயிலும் டிரையாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வெந்துகொண்டே இருக்கும். தண்டைக் கழற்றித் துடைத்து, விரலால் தள்ளினால் தன் எடையாலேயே வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்கு எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் மறுபடி தூளைப் பிடிக்கும்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. டேபிளோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் கேபிள் கட்டு, சட்டத்தின் மூலையில் உரசும் இடத்தில் மேலுறை தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டேபிள் குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது மட்டும் ஷார்ட் அடித்து, மற்ற நேரம் சாதுவாக இருக்கும் பழுதுகள் இங்கேதான் பிறக்கின்றன. மேசையில் வைத்துச் சோதித்த போர்டு ஒழுங்காக வேலை செய்து, இயந்திரத்தில் போட்டதும் போய்விடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது போர்டு. கருகிய இடத்தில் டிராக்குக்கு மேல் கம்பியைப் பற்றவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிரித்துவிடுங்கள். எரிந்த போர்டு பலகை கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். கருமையை அப்படியே விட்டு மேலே கம்பி ஓட்டினால், 120 வோல்ட் டிராக்குக்கும் ஐந்து வோல்ட் டிராக்குக்கும் இடையே நீங்கள் அறியாத ஒரு இணைப்பு இருந்துகொண்டே இருக்கும். ஈரமான ஒரு நாளில் அது மறுபடி பற்றும். கூரான பிளேடால் கருமை முழுவதும் போய் இழையின் வெளிறிய நிறம் தெரியும் வரை சுரண்டுங்கள். பலகை அடிவரை கருகியிருந்தால் அந்தப் பகுதியைத் துளையாகவே அறுத்தெடுத்துவிடலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பிறகு, இரு பக்கத்து டிராக்குகளுக்கும் இடையே மீட்டரின் மெகா ஓம் நிலையில் எதுவும் காட்டக் கூடாது. அதன் பின் எப்பாக்ஸி பசையால் குழியை நிரப்பி, எரிந்த டிராக்குக்குப் பதிலாக உறையுள்ள கம்பியை, கருகிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி பற்றவையுங்கள். பல அடுக்கு போர்டாக இருந்து உள் அடுக்கிலும் கருகல் இறங்கியிருந்தால் மட்டும் பழுது பார்க்கும் எண்ணத்தைக் கைவிடலாம். படத்தில் தெரிவது இரண்டு பக்க போர்டு என்பதால் அந்தக் கவலை இல்லை.

ரெசிஸ்டர் மதிப்புக்கு முதல் லேன் போர்டின் அதே இடத்தைப் பாருங்கள். நிறப்பட்டை அங்கே தெரியும். அதே போர்டில் மற்ற டிரையாக்குகளுக்கு அருகிலும் இதே ஜோடி திரும்பத் திரும்ப இருக்கும், அதையும் ஒப்பிடலாம். ஸ்னப்பரில் 47 முதல் 100 ஓம் வரை எதுவும் வேலையைச் செய்யும் என்பதால் துல்லியம் இங்கே பெரிதல்ல. வாட் பெரிது: அரை வாட் இருந்த இடத்தில் தீப்பிடிக்காத மெட்டல் ஆக்சைடு வகையில் ஒரு வாட் போட்டு, பலகையிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் உயர்த்திப் பற்றவையுங்கள். ஆனால் சப்ளை நுழையும் இடத்தில் இருக்கும் சில ரெசிஸ்டர்கள் பியூஸ் போல எரிந்து துண்டாவதற்கென்றே வைக்கப்பட்டவை. அவற்றுக்கு வாட்டைக் கூட்டாமல் அதே வகையையே போட வேண்டும்.

கெப்பாசிட்டரில் சிக்கனம் வேண்டாம். 400 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் அது டி.சி. மதிப்பாக இருக்கலாம், ஏ.சி. லைனில் நிரந்தரமாக நிற்கக்கூடிய எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். வேரிஸ்டருக்கு, போர்டு 120 வோல்ட்டில் இருக்கும் வரை 150 வோல்ட் ஏ.சி. வகை போதும். "இந்தியாவில் 275தான் ஓடும்" என்று கடையில் கொடுத்தால் அதை டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் போடுங்கள், போர்டில் அல்ல. உங்கள் மெக்கானிக் வட்டை நீக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டியது சோதனைக்கு மட்டும் சரி. அப்படியே விட்டால் அடுத்த அடி நேராக டிரையாக்குக்கு.

டிரையாக்கை மாற்ற நேர்ந்தால் ஒரு பொறி இருக்கிறது. பி.டி.ஏ. 16 போன்ற வகையில் உலோக முதுகு உள்ளே காப்பிடப்பட்டது, பி.டி.பி. 16, பி.டி. 136 போன்றவற்றில் முதுகிலேயே மின்சாரம் இருக்கும். காப்பிட்ட வகை இருந்த இடத்தில் மற்றதை மைக்கா தாள் இல்லாமல் மாட்டினால் ஹீட் சிங்க் முழுவதும் லைவ் ஆகிவிடும். அதே ஹீட் சிங்க்கில் இன்னொரு டிரையாக் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தச் சாதாரணப் பாகங்கள் சேலத்திலேயே கிடைக்கும். பழைய இணைப்பிகளும் ரிலேக்களும் வேண்டுமானால் சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ தேட வேண்டியிருக்கும். டிரையாக்கை இயக்கும் ஆறு கால் ஆப்டோ ஐ.சி.யையும் கையோடு மாற்றிவிடுங்கள்; டிரையாக் ஷார்ட் ஆகும்போது அதையும் பெரும்பாலும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

மீட்டரில் சரியாகக் காட்டினாலும் பாதி செத்த டிரையாக் உண்டு. ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் அந்த நிலையில் ஏ.சி. காயிலுக்கு அரை அலை போய்ச் சேரும். காயிலுக்கு அது டி.சி. போலத்தான், ஆகவே வெந்துவிடும். ஓடும்போது சோலனாய்டு முனைகளில் மீட்டரை டி.சி. நிலையில் வைத்துப் பாருங்கள். நல்ல டிரையாக்கில் ஏறக்குறைய பூஜ்யம் வரும். ஐம்பது வோல்ட்டுக்கு அருகே காட்டினால் அந்த டிரையாக்கைக் கழற்றிவிட வேண்டும்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது மோட்டார், சோலனாய்டு எதையும் இணைக்காமல், 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் போர்டுக்கு மட்டும் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கிவிட்டால் நல்லது. பளிச்சென்று நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பிறகு சோலனாய்டுக்குப் பதிலாக இன்னொரு குண்டு பல்பை லோடாக வைத்து, ஆணை வரும்போது எரிந்து, ஆணை போனதும் முழுவதும் அணைகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே உண்மையான காயில், கடைசியாக மோட்டார். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, பெட்டியில் அச்சிட்ட அளவுள்ள பியூஸை, கண்ணாடி என்றால் கண்ணாடி, பீங்கான் என்றால் பீங்கான், அதே வேகத்தில் வேலை செய்யும் வகையிலேயே போடுங்கள்.

கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இடிமழை இல்லாமலும் இந்தப் போர்டை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருப்பது அதுதான். வோல்ட்டேஜைக் குறைத்தீர்கள், ஹெர்ட்ஸ் மாறவில்லை. அமெரிக்கச் சப்ளை 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலை 120 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்பில் காந்தப் பாயம் (இரும்புக்குள் ஓடும் காந்தத்தின் அளவு) 20 சதவீதம் கூடுகிறது; இரவில் லோடு குறைந்து லைன் 245 ஆகும்போது உங்கள் 120 என்பது 128 ஆகி, மிகை 28 சதவீதத்தைத் தொடும். இரும்பு தாங்கும் எல்லைக்கு மேல் போனபின் கரண்ட் தாறுமாறாக ஏறும். சிறிய டிரான்ஸ்பார்மர், சோலனாய்டு, மோட்டார் மூன்றும் அதே காரணத்தால் சுடுகின்றன. இத்தனைக்கும் பொதுவாக மின் மோட்டார்களின் கணக்கு கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டில் காற்று மெலிந்திருப்பதால் சூடு வெளியேறுவதும் கொஞ்சம் குறைவு. மலைக் குளிர் அதை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் மூடிய பெட்டிக்குள் அந்தக் குளிர் போய்ச் சேராது.

கணக்கு எளிது: ஹெர்ட்ஸ் ஆறில் ஐந்தாகக் குறைந்தால் வோல்ட்டேஜும் ஆறில் ஐந்தாக வேண்டும். 120க்கு 100 வோல்ட். நான் மேலே சொன்ன புதிய டிரான்ஸ்பார்மரை 100, 105, 110 என்று மூன்று முனைகளோடு சுற்றச் சொல்லி, முதலில் 100இல் ஓட்டிப் பாருங்கள். இயந்திரத்தின் மோட்டார் 208 வோல்ட் வகையாக இருந்தால் அதே கணக்கில் ஏறக்குறைய 173 வரும். சோலனாய்டின் இழுவிசை குறையாது, ஏனென்றால் காந்தப் பாயம் அமெரிக்காவில் இருந்த அளவுக்கே திரும்புகிறது. மோட்டார் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் இருக்கும்; அது இப்போதும் அப்படித்தான் ஓடுகிறது, விருந்தினர் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போர்டின் டி.சி. சப்ளையில்தான் கவனம் வேண்டும்: 7805 போன்ற ஐந்து வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்ட்டேஜ் 7.5க்குக் கீழே இறங்கினால் கண்ட்ரோல் தடுமாறும், டேபிள் காரணமில்லாமல் பாதியில் நிற்கும். இறங்கினால் அந்தச் சிறிய டிரான்ஸ்பார்மரை மட்டும் 50 ஹெர்ட்ஸுக்கும் 100 வோல்ட்டுக்கும் புதிதாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் சிறிய டிரான்ஸ்பார்மரை ஏற்க மாட்டார்கள். ஸ்டெபிலைசர் செய்பவர்களிடம் கொடுங்கள், பழைய இரும்புத் தகடுகளையும் கூடவே கொடுங்கள்.

ஈரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர்டைக் கழுவிக் காயவைத்தபின் பாதுகாப்பு வார்னிஷ் ஒரு கோட் அடியுங்கள். இணைப்பிகளில் படாதபடி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கூடம் பூட்டியிருக்கும் நாள்களில் பெட்டியைச் சற்று வெதுவெதுப்பாக வைத்திருக்க 15 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். ஆனால் வெதுவெதுப்பு பல்லியை அழைக்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளை ரப்பர் கிளாண்டு போட்டு அடைக்காமல் பல்பை மட்டும் மாட்டினால், அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடப்பது ரெசிஸ்டராக இருக்காது.

முழு போர்டையும் மாற்றலாமா என்ற கேள்விக்கு: நிரல் எழுதிய ஐ.சி. போகாத வரை வேண்டாம். போர்டில் ஐந்து வோல்ட் சரியாக இருந்து, சிறு விளக்குகள் முதல் லேனைப் போலவே எரிகின்றன என்றால் மூளை பிழைத்திருக்கிறது. மேலே சொன்ன பாகங்களின் விலை புதிய போர்டோடு ஒப்பிடவே தகாத அளவுக்குச் சிறியது. விளக்குகளே எரியாமல், சப்ளையும் சரியாக இருந்தால் மட்டும் போர்டு வாங்குங்கள். வாங்கினாலும் சப்ளை, காயில், கேபிள் ஆகிய மூன்றையும் சரிபார்க்காமல் அதை மாட்ட வேண்டாம்.

நூல் கட்டிய பின் இயந்திரம் சுற்றுலா விடுதிக்குத் தகாதது அல்ல. பின்களைத் தூக்கிச் சுற்றிக் கொண்டுவந்து அடுக்கும் பொறிகள் அதில் இல்லாததால் அசையும் பாகங்கள் குறைவு, மின்செலவு குறைவு, பராமரிப்பு ஆளைத் தனியாகப் பழக்க வேண்டியதும் இல்லை. பின் விழும் விதம் சற்று வேறாக இருக்கும் என்பதால் போட்டி விளையாடுபவர்கள் முணுமுணுப்பார்கள்; அமெரிக்க பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. 2023இல் அதைத் தனிப் பிரிவாகத்தான் ஏற்றுக்கொண்டது. உங்களிடம் வருவோர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள். ஆனால் அதிலும் ஒரு கண்ட்ரோல் போர்டு இருக்கிறது. உங்கள் சேஞ்ச்ஓவரின் நியூட்ரல் முனை தளர்ந்தே இருந்தால் அதுவும் இதே வழியில் போகும். மாறுவதென்று முடிவு செய்தால், பெயர்த் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதை நேரில் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.